பேஸ்டிங் அறைக்கு இங்கிலீஷ்

டீச்சருக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பஸ் நிற்காமல் போனால் வரும், பேனா எழுதாவிட்டால் வரும், யாராவது "சும்மாதான் கேட்டேன்" என்று சொன்னால் கட்டாயம் வரும். சும்மா எதற்குக் கேட்க வேண்டும்? ஆனால் ஷூ கம்பெனி மேனேஜர் அவளைத் தேடி வந்த அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. வாயெல்லாம் பல்லாக வரவேற்று உட்கார வைத்தாள். பிற்பாடு அதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அங்கேதான் அவள் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தாள். மேனேஜர் படியேறி வந்து, மூச்சு வாங்கி, கைப்பலகை வைத்த நாற்காலிக்குள் வயிற்றை ஒருவழியாக நுழைத்துக்கொண்டார். விஷயம் இதுதான். ஷூக்களை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் வருகிறார். தொழிலாளர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவார். வழக்கமாக வருகிறவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து ஜூஸ் குடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் அந்த ரகம் இல்லையாம். பேஸ்டிங் அறைக்கே வந்து பெண்களிடம் நேராகப் பேச வேண்டுமாம். கம்பெனி ஆள் யாரும் நடுவில் நின்று மொழிபெயர்க்கக் கூடாதாம்.

"அதனால நம்ம பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வேணும் டீச்சர். மேடையேறிப் பேசவா போறாங்க? கேட்டா பதில் சொல்ற அளவுக்கு வந்தா போதும். உங்க அண்ணிகூட நம்ம பேஸ்டிங்லதானே இருக்காங்க?"

இருக்கிறாள். அதனால்தான் டீச்சர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

பேஸ்டிங் என்றால் ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற வேலை. டப்பாவில் பிரஷ்ஷை முக்கிப் பசையைத் தடவ வேண்டும், சற்றுக் காயவிட்டு ஒட்ட வேண்டும், அடுத்ததை எடுக்க வேண்டும். பசைக்கு அங்கே சொல்யூஷன் என்று பெயர். பெட்ரோலில் சர்க்கரை போட்ட மாதிரி ஒரு வாசனை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும். தலைக்குத்தான் பழகும். காலுக்குப் பழகவில்லை.

அண்ணி ஒருநாள் சாயங்காலம் ஒரு காலில் மட்டும் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். "இன்னொண்ணு எங்க அண்ணி?" என்று டீச்சர் கேட்ட பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். செருப்பு கழன்று போனது காலுக்கே தெரியவில்லை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான், டீச்சரும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் அண்ணி ஒன்றுமில்லாத சமதரையில் விழுந்தாள். பொத்தான் போட விரல் மறுத்தது. நடக்கும்போது பாதம் மேலே தூக்காமல், வைக்கிற ஒவ்வொரு முறையும் தொப்பென்று தரையில் விழுந்தது. வீட்டில் யாரும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "அந்தப் பசையோட ஆவிதான்மா. காத்துப் போக வழியில்லாத ரூம்ல அதையே மூச்சா இழுத்தா நரம்பு கெட்டுப் போகும். நிறுத்தினா மெதுவா சரியாகும். நிறுத்தலன்னா இப்படியே நிலைச்சுடலாம்."

வேலையை விடு என்று அண்ணன் கெஞ்சினான். டீச்சர் சண்டையே போட்டாள். அண்ணி அசையவில்லை.

"நான் எழுந்து வந்துட்டா அந்த ஸ்டூல் காலியாவா கெடக்கும்? மறுநாளே இன்னொருத்தி வந்து உக்காருவா. அவ கால் என்ன இரும்புல செஞ்சதா? அந்த ரூம்ல ஃபேனப் போட வெச்சிட்டுத்தான் நான் வெளிய வருவேன்."

ஃபேன் இல்லாமல் இல்லை. சுவரில் ஆளுயரத்துக்கு இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன்கள் இருந்தன. அவை ஓடினால் அறையில் காற்று ஓடும், காற்று ஓடினால் சொல்யூஷன் ஒட்டுவதற்குள் காய்ந்துவிடும், மறுபடி தடவ வேண்டும், டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் மேனேஜர் இரண்டையும் நிறுத்தி, ஓட்டையில் அட்டையை வைத்து அடைத்துவிட்டார். பெண்கள் போய்க் கேட்டால், "கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்கம்மா" என்பார். அந்தக் கொஞ்ச நாளில் இரண்டு பேருக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டன.

இத்தனை நாள் இவரிடம் முட்டிக்கொண்டது போதும், கேட்பதற்கென்றே ஒருவர் வருகிறார், வாயைத் திறந்து நேராகச் சொல்லிவிட்டால் ஃபேன் ஓடும் என்று டீச்சர் நம்பினாள். எந்த மேனேஜராவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள டீச்சர் வைப்பானா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. படித்தவள்தான். என்ன செய்வது, சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

வகுப்பு கேன்டீனில், ஷிஃப்ட் முடிந்த பிறகு. பெண்கள் விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்தபடி வந்து பெஞ்சில் உட்கார்வார்கள். அவர்களில் ஒருத்திக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் மூடாது. மேனேஜர் கடைசி பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பெயர் சொல்வது, வேலையைச் சொல்வது, ஆமாம் இல்லை எல்லாம் முடிந்து, எத்தனை, எவ்வளவு என்கிற பாடத்துக்கு வந்தார்கள். டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்த பாடம்.

"நாம 'கொஞ்சம்'னு ஒரே வார்த்தைய வெச்சிக்கிட்டுக் காலத்த ஓட்டறோம்," என்று ஆரம்பித்தாள். "அவங்க அப்படி இல்ல. எண்ணறதுக்கு ஃபியூ, அளக்கறதுக்கு லிட்டில். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. எ ஃபியூன்னா, ஒண்ணு ரெண்டு இருக்கு. வெறும் ஃபியூன்னா, ஒண்ணு ரெண்டுதான், இல்லாத குறை. எ லிட்டில்னா, கொஞ்சம் இருக்கு. வெறும் லிட்டில்னா, இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒரே அளவுதானே டீச்சர்?" என்றாள் ரேடியோ.

"அளவு ஒண்ணுதான். சொல்றவங்க மனசு வேற. வீட்டுல அரிசி இருக்கான்னு கேக்கறாங்க. பானையில ஒரே அளவுதான் கெடக்கு. 'கொஞ்சம் இருக்கு'ன்னு சொன்னா இன்னிக்குச் சமைக்கலாம். 'கொஞ்சம்தான் இருக்கு'ன்னு சொன்னா கடைக்குப் போகணும். நம்ம 'தான்' செய்யற வேலைய அங்க, 'எ' இல்லாம போறது செய்யுது."

ரேடியோ யோசித்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரருக்கு லிட்டில் புத்தி."

"எ லிட்டிலா, வெறும் லிட்டிலாடி?" என்று பின்னாலிருந்து அண்ணி கேட்டாள்.

"அந்த 'எ' இருந்தா நான் ஏன் இந்நேரம் இங்க வந்து உக்காந்திருக்கேன்?"

கேன்டீன் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. மேனேஜர் போனைக் கீழே வைத்திருந்தார்.

"டீச்சர், அப்ப ஒரு நாலஞ்சு பேருக்கு இருக்கிற விஷயத்த, 'எ' போடாம சொன்னா, யாருக்கும் இல்லாத மாதிரியே கேக்குமா?"

"ஆமா சார். இல்லாத மாதிரிதான்."

"ஆனா பொய் ஆகாது?"

"பொய்னு சொல்ல முடியாது சார். எண்ணிக்கை எதையும் மாத்தலையே. அதுதான் அந்த மொழியோட அழகு."

அழகாம். அந்த வார்த்தையை இதே வாயால் சொன்னாள். மேனேஜர் ரொம்ப மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார், இவளும் நல்ல மாணவன் கிடைத்த பெருமையோடு போர்டைத் துடைத்தாள்.

அடுத்த வகுப்புக்கு மேனேஜர் முன் பெஞ்சுக்கே வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, பெண்களைப் பார்த்துப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"இங்க பாருங்க. வர்றவர் என்னெல்லாம் கேப்பார்னு எனக்குத் தெரியும். தலைவலி எத்தன பேருக்குன்னு கேப்பார். ஃபியூ, சார். மயக்கம்? ஃபியூ, சார். ரூம்ல வாசனை? லிட்டில், சார். காலு கையில பிரச்சனை? வெரி ஃபியூ, சார். எங்க, எல்லாரும் சொல்லுங்க."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சருக்குக் காதெல்லாம் சூடேறியது.

"சார், இது நான் சொல்லிக் குடுத்ததுக்கு நேர்மாறு. இவங்கள்ல பாதிப் பேருக்கு மேல தலைவலி. கால் மரத்துப் போனவங்க மட்டும் ஒரு பெஞ்ச் நிறைய இருக்காங்க. மெனின்னு சொல்லணும்."

"மெனின்னா நிறைய. எது நிறைய, எது கொஞ்சம்ங்கிறது அவங்கவங்க பார்வை டீச்சர். மொத்தக் கம்பெனியில எத்தன பேர் இருக்காங்க, அதுல இவங்க எத்தன பேர்? ஃபியூதானே? நான் ஒருத்தரையும் இல்லன்னு சொல்லச் சொல்லல. இருக்கறத இருக்குன்னுதான் சொல்றோம். கொஞ்சம் அடக்கமா சொல்றோம். நீங்கதான் அழகுன்னு சொன்னீங்க."

"அடக்கமாவா? அவங்களுக்கு நரம்பு செத்துக்கிட்டு இருக்கு சார்!"

"குரல உயர்த்தாதீங்க. இன்னொரு விஷயம், எல்லாரும் கேட்டுக்கோங்க. அவர் வரும்போது மரியாதைன்னு சொல்லிக்கிட்டு யாரும் எழுந்திரிக்க வேணாம். உக்காந்த எடத்துலயே பதில் சொல்லுங்க. அவர் போற வரைக்கும் யாரும் ஸ்டூல விட்டு எறங்கக் கூடாது." சொல்லிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஏதோ ஆறுதல் சொல்வது போல, "உங்க அண்ணி நல்ல வேலக்காரி டீச்சர். நடக்கறதுல மட்டும் லிட்டில் கஷ்டம்" என்றார்.

'எ' இல்லாமல், அவ்வளவு சுத்தமாகச் சொன்னார். இவள் வகுப்பில் அத்தனை நன்றாகக் கற்றுக்கொண்டவர் வேறு யாருமில்லை. டீச்சருக்கு அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் கம்பெனி அவர் கையில், கேன்டீனும் அவர் கையில். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அன்றைக்குப் பாத்திரங்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவள் துலக்கினாளா, அடித்தாளா என்று தெரியவில்லை.

"நாளையிலேருந்து நான் போக மாட்டேன்," என்றாள். "அந்த ஆள் பொய்க்கு நான் இலக்கணம் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. கால் போனவங்கள ஸ்டூல்ல ஒட்டி வெச்சு, வாயில ஃபியூவத் தடவி விடறான்!"

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கோபம்தான், ஆனால் யார் மேல் என்றுதான் டீச்சர் எதிர்பார்க்கவில்லை.

"நீ போகாட்டி? இன்னொரு டீச்சரக் கூட்டிட்டு வருவார். அவ ஃபியூவ மட்டும் சொல்லிக் குடுத்துட்டு சம்பளத்த வாங்கிட்டுப் போவா. உனக்குக் கோபம் வந்தா நீ எழுந்து நடந்து வந்துடலாம். உன் கால் நல்லா இருக்கு. எங்களால அது முடியுமா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது.

"போ. போய் அந்த 'எ'ய நல்லா சொல்லிக் குடு," என்றாள் அண்ணி. "அவர் ஃபியூன்னு சொல்லச் சொல்லட்டும். நாங்க எ ஃபியூன்னு சொல்றோம். ஒரே எழுத்துதானே, அவருக்குக் காதுல விழறதுக்குள்ள வந்தவர் காதுல விழுந்துடும்."

அதன்படியே நடந்தது. மெனி என்று சொன்னால் மேனேஜர் அங்கேயே குறுக்கே பாய்வார்; 'எ' என்றால் பாய்வதற்குள் வேலை முடிந்துவிடும். வகுப்பில் மேனேஜர் இருக்கும்போது எல்லோரும் ஃபியூ, ஃபியூ என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னார்கள். அவர் போன் பேச வெளியே போனதும் டீச்சர் விரலை உயர்த்துவாள், மொத்தக் கேன்டீனும் 'எ' என்று அழுத்தும். ரேடியோ அழுத்துகிற அழுத்தில் அது ஏதோ ஆட்டைக் கூப்பிடுவது போல இருக்கும். பேஸ்டிங் அறையிலும் பிரஷ்ஷை முக்கும்போதெல்லாம் எ ஃபியூ, தடவும்போதெல்லாம் எ லிட்டில் என்று முணுமுணுத்தார்களாம். ஒரே ஒரு எழுத்தை இவ்வளவு நம்பிய ஆட்களை டீச்சர் அதுவரை பார்த்ததில்லை.

அந்த மனிதர் வருகிற அன்று காலையிலேயே அட்டைகள் பிய்த்தெறியப்பட்டு இரண்டு ஃபேன்களும் ஓடிக்கொண்டிருந்தன. பேஸ்டிங் அறையில் காற்று அடித்தது. டப்பாவில் சொல்யூஷன் காயக் காய மேனேஜரே ஆளனுப்பிப் புது டப்பா கொண்டுவரச் சொன்னார்.

"இந்த மனுஷன் தினமும் வரட்டும்டி," என்றாள் ரேடியோ.

நடை சரியில்லாதவர்களைப் பொறுக்கி எடுத்து உள்பக்கச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணிக்கு நடு ஸ்டூல். டீச்சரைப் பயிற்சி கொடுத்தவள் என்று அறிமுகம் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள், கதவருகே நின்றாள். வாய் திறக்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

வந்தவர் நெட்டையாக, தூக்கம் கெட்ட கண்களோடு இருந்தார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. உள்ளே நுழைந்ததும் எல்லோரையும் பார்த்து லேசாகத் தலை வணங்கினார். பிறகு வாயைத் திறந்தார்.

"ஐ ஹேவ் கொஸ்டின். யூ ஹேவ் ஹெட்டேக்? மெனி பீப்பிள்?"

இங்கிலீஷ் அவருக்கும் சொந்த மொழி இல்லை. இவர்களைப் போலவே எங்கோ ஒரு வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அவர் பேச்சில் 'எ' என்பதே இல்லை. போட வேண்டிய இடத்தில் எல்லாம் தாண்டித் தாண்டிப் போனார்.

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்து, பயிற்சி எடுத்த அத்தனை மூச்சையும் சேர்த்து, "எ ஃபியூ, சார்!" என்றாள்.

மேனேஜரின் தலை வெடுக்கென்று திரும்பியது.

"ஆ, ஃபியூ," என்று வந்தவர் தலையாட்டினார். "குட், குட்."

மேனேஜரின் முகத்தில் முதலில் பயம் வந்தது. வந்தவர் காதில் அந்த 'எ' விழவே இல்லை என்று அப்புறம் அவருக்கு விளங்கிவிட்டது. மெல்லப் பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"ஸ்மெல்? இஸ் தேர் ஸ்மெல்?"

"எ லிட்டில், சார்!" இந்த முறை நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

"லிட்டில். ஓகே. வெரி குட்."

"நம்னஸ்? லெக்ஸ்?" கால் மரத்துப் போவதைத்தான் கேட்டார்.

"எ ஃபியூ! எ, எ ஃபியூ!" ரேடியோவின் குரல் உடைந்தது.

"ஃபியூ," என்றார் அவர், திருப்தியாக.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் மயிரே போச்சு என்று முன்னால் வந்தாள். "சார், அவங்க சொன்னது வேற. ஃபியூ வேற, எ ஃபியூ வேற. அவங்களுக்கு இருக்குன்னு சொல்றாங்க!" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் அவர் முன்னால் கொட்டினாள். கோபத்தில் வேகமாகக் கொட்டினாள். அவர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டார், பாதி கூடப் புரியவில்லை என்று முகமே சொன்னது. நிறுத்தி, மூச்சு வாங்கி, வெறும் "மெனி! மெனி!" என்றாள். அவர் மேனேஜரைப் பார்த்தார்.

"ஷி இஸ் கிராமர் டீச்சர், சார்," என்று மேனேஜர் சிரித்தார். "மெனி மிஸ்டேக்ஸ், ஷி இஸ் சேயிங். ஆல்வேஸ் கரெக்டிங்."

வந்தவரும் சிரித்துவிட்டார், பாவம், மரியாதைக்கு. "இங்கிலீஷ் இஸ் டிஃபிகல்ட்," என்றார் டீச்சரிடம் தயவாக. "ஃபார் மீ ஆல்சோ."

அந்த நிமிஷத்தில் டீச்சருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேனேஜர் மேல் வந்தது, சிரித்த அந்த நல்ல மனிதர் மேல் வந்தது, அழகு என்று சொன்ன தன் நாக்கின் மேல் வந்தது. ஒட்டாத ஓர் எழுத்தை இத்தனை பெண்கள் வாயில் வைத்து நாள் முழுக்க ஓத வைத்தோமே என்று பல்லை நறநறவென்று கடித்தாள். வந்தவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "தேங்க் யூ, தேங்க் யூ" என்று எல்லோரையும் பார்த்துத் தலை வணங்கிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். அவர் வெளியே போனதும் அந்த ஃபேன்கள் நின்றுவிடும். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டூல் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

அண்ணி எழுந்திருந்தாள். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கையை எடுத்தாள்.

"உக்காரும்மா," என்றார் மேனேஜர். சிரிப்பு மாறாமல்தான் சொன்னார், பல்லுக்கு நடுவில். "உக்காருன்னு சொல்றேன்ல?"

அண்ணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறையின் நடுவே இருந்த வழியில் இறங்கி, கதவை நோக்கி நடந்தாள். முட்டியை உயரத் தூக்கி வைத்தும் பாதம் கீழேதான் தொங்கியது. வைத்த ஒவ்வொரு அடிக்கும் தொப், தொப் என்று தரை அறைந்தது. ஃபேன் சத்தத்தையும் மீறி அது கேட்டது. வந்தவர் திரும்பினார். முகத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார், பார்த்த பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"நடுவுல நிக்காதீங்க, வழிய விடுங்க!" என்று மேனேஜர் கத்தினார். யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் ரேடியோ ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். ஒருத்தி எழுந்த வேகத்திலேயே விழப்போய், அடுத்தவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சுவரோரம் ஒளித்து வைத்த அத்தனை பேரும் எழுந்து அந்த வழிக்கு வந்தார்கள். தொப், தொப் என்கிற சத்தம் ஒன்றோடொன்று கலந்து, எது யார் காலடி என்று பிரிக்க முடியாமல் போனது. வாய் மூடாத ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்த மனிதரின் தோளில் இருந்த பை நழுவிக் கைக்கு இறங்கியது. அவர் கண்ணால் டீச்சரைத் தேடிப் பிடித்தார்.

"ஹவ் மெனி?" என்றார். குரல் மாறியிருந்தது. "டீச்சர், ப்ளீஸ். ஹவ் மெனி?"

டீச்சர் வாயைத் திறந்தாள். அத்தனை வார்த்தைகளும் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. எதைச் சொன்னாலும் மேனேஜர் அதிலிருந்து ஓர் எழுத்தைப் பிடுங்கிவிடுவார் என்று தோன்றியது. அவர் ஏற்கெனவே ஓடி வந்து, "சார், சார், வெரி ஃபியூ, ஒன்லி திஸ் ரூம்" என்று குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"நீ சொல்லாத," என்றாள் அண்ணி. நடந்த களைப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "யாரும் சொல்ல வேணாம். அவரையே எண்ணிக்கச் சொல்லு."

டீச்சர் மேனேஜரைக் கையால் ஒதுக்கினாள். தள்ளினாள் என்றே சொல்லலாம். "ப்ளீஸ் கவுன்ட்," என்றாள். "யூ கவுன்ட்."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். முதல் ஒன்றிரண்டை இங்கிலீஷில் எண்ணினார், அப்புறம் அவரை அறியாமலே தன் சொந்த மொழிக்குப் போய்விட்டார். அந்தச் சத்தங்கள் யாருக்கும் புரியவில்லை. என்ன செய்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பெண்கள் அவர் விரல் தங்களை நோக்கி வரும்போது நிமிர்ந்து நின்றார்கள், விரல் தாண்டிப் போன பிறகும் உட்காரவில்லை. மேனேஜர் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேர்வையைத் துடைத்தார். ஃபேன்கள் அடித்த காற்றில் மேசைமேல் சொல்யூஷன் காய்ந்துகொண்டிருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

கதவுக்கு மிக அருகில் வந்துவிட்டதால் அண்ணி அவருடைய முதுகுப் பக்கம் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு டீச்சர் பக்கம் சாய்ந்தாள்.

"பின்னால நிக்கிறேனே," என்றாள், கோபமாக. "என்னையும் சேத்து எண்ணினாரான்னு கேளு."